குதிரையில்லாத தீவில் ஒரு கனைப்பு

கச்சால் தீவில் குதிரை கிடையாது. எழுபதுகளில் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது, நாளுக்கு நாலைந்து முறை குதிரை கனைப்பதைக் கேட்டேன்.

புதிதாக வந்திருந்த மதுரைக்கார அதிகாரியும் கேட்டார். அவர் எந்தச் சரிவில் கால் வைத்தாலும் மேலே எங்கோ ஒரு கனைப்பு. ஏறிப் போய்ப் பார்த்தால் பெண்கள் எல்லோரும் குனிந்து களை வெட்டிக்கொண்டிருப்பார்கள். துப்பிய வெற்றிலைச் சாறு மட்டும் மண்ணில் ஈரம் காயாமல் இருக்கும். கனைப்பது யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஆள் அகப்பட்டால் பதிவேட்டில் பேர் வெட்டி வேலையை விட்டே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தீவில் மற்றவர்கள் அதிகாரியை சாப் என்பார்கள். இவர்களுக்கு அவர் துரைதான். அவர்களில் மூத்தவள் எதையும் ஒளிக்கவில்லை. அவளுடைய அம்மா காலத்துத் துரை குதிரையில் வருவாராம். வளைவில் அது கனைத்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்களாம். அடுத்து வந்த துரை குதிரையை விற்றுவிட்டுக் கான்வாஸ் ஷூவில் சத்தமில்லாமல் நடந்து வந்தார். அதனால் பெண்களே கனைக்க வேண்டியதாயிற்று.

"இங்க கனைக்கிறது நாந்தாங்க, கிளாக்கரய்யா. வெட்டுறதா இருந்தா எம் பேர மட்டும் வெட்டுங்க" என்றாள்.

அவள் பேரை நான் எழுதவில்லை. 'பெண்கள் குதிரை போல் கத்துகிறார்கள்' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தேன். அதிகாரி 'கத்துகிறார்கள்' என்பதை அடித்தார்.

"குதிரை கத்தாதுய்யா, கனைக்கும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா? சரி, பேரு எங்க?"

எல்லாக் குரலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றேன். மறுநாள் காலை அவர் மூத்தவள் வேலை செய்த சரிவுக்கே வந்து, அங்கிருந்த பன்னிரண்டு பெண்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் கனைக்கச் சொன்னார். ஒருத்தி ஆடு மாதிரி கனைத்தாள். இன்னொருத்திக்குச் சிரிப்பு முட்டி விக்கல் வந்தது. மூத்தவளிடமிருந்து வந்தது, முட்டையிட்ட கோழியின் சத்தம்.

அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு ஜட்கா வண்டிக் குதிரைகள் நிற்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்ததாம். "இதெல்லாம் ஒரு கனைப்பா?" என்று கேட்டுவிட்டு, கழுத்தை உயர்த்தித் தானே கனைத்தார். மெல்லிசாக உச்சத்தில் தொடங்கி, நடுங்கி இறங்கி, மூக்குச் சீறலில் முடிந்தது. குறை சொல்ல முடியாத கனைப்பு.

அடுத்த சரிவிலிருந்து பதில் கனைப்பு வந்தது. அதற்கடுத்த சரிவு அதை வாங்கிக்கொண்டது. அப்படியே மேடு மேடாகத் தாண்டிப் படகுத்துறை வரை போனது. தோட்டம் முழுக்க மண்வெட்டிச் சத்தம் ஒரே நேரத்தில் கிளம்பியது.

"இனி நாங்க எதுக்குங்க தொரை? நீங்களே கனைச்சிக்கிட்டு வந்திருங்க" என்றாள் மூத்தவள்.

அவர் அவளைப் பார்க்காமல், என் கையிலிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று என்னைக் கேட்டார்.

"கனைத்தது யாருங்கிற இடம் மட்டும் காலியா இருக்கு சார்."

"காலியாவே இருக்கட்டும்" என்றார்.