நூற்று நாற்பத்து மூன்றாவது கொடி

மார்வா டெக்கரைத் தேடிப் போகிறவர்கள் நிற்கிற ஆளைத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. ஜூன் மாதம் முழுக்க அவள் புல்வெளியில் குப்புறத்தான் கிடப்பாள். முதல் வருஷம் அந்த வழியாகப் போன தபால்காரர் பிணம் என்று நினைத்து ஷெரிஃபுக்குப் போன் போட்டுவிட்டார். ஷெரிஃப் வந்து பூட்ஸ் முனையால் மெதுவாகத் தட்டிப் பார்த்தபோது, "பாத்துங்க, செடிய மிதிச்சிடாதீங்க" என்று பிணம் அதட்டியது.

பெரிய படிப்பெல்லாம் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். ஒரு கோடை விடுமுறையில் கைச்செலவுக்கு ஆகுமே என்று பல்கலைக்கழகத்துக்காகச் செடி எண்ண வந்து, பேருந்தை அடியோடு மறந்துபோனாள். பூக்காத புல்லைக்கூட அடித்தண்டைத் தடவிப் பார்த்தே பேர் சொல்லிவிடுவாள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கையில் ஒரு புல்லை வைத்துக்கொண்டு அவள் முன்னால் அசடு வழிய நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அவள் எண்ணுவது ஒரு புல்வெளி எருக்கை. நம்முடைய எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் குப்பைமேட்டில் எல்லாம் முளைக்காது, அத்தனை வீம்பு. கலப்பையே படாத மண் வேண்டும். கிழக்குக் கான்சஸில் அப்படி மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று எல்டன் உன்ரூவின் நாற்பது ஏக்கர். எல்டன் அதை உழுததில்லை. ஆனால் ஜூலை பிறந்தால் காயவைத்து மாட்டுக்குப் போடப் புல்லை அறுத்துவிடுவார். எருக்கங்காய் முற்ற செப்டம்பர் ஆகும். ஆகவே, மார்வா எண்ணத் தொடங்கிய பத்தொன்பது வருஷத்தில் அங்கே ஒரு காய்கூட வெடித்ததில்லை. இருக்கிற செடிகள் கிழங்கின் புண்ணியத்தில் தழைத்துக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்று பிறக்கவில்லை. வருஷா வருஷம் அவள் கெஞ்சுவாள்: "அந்த வடகிழக்கு மூலைய மட்டும் விட்டுடுங்களேன், எல்டன்." வருஷா வருஷம் அவரும் சொல்வார்: "மாடு ஆராய்ச்சியவா தின்னும்?"

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். செடி இருக்கும் இடத்தில் அவள் குத்தி வைக்கிற, கம்பி நுனியில் ஆரஞ்சுத் துணி கட்டிய கொடிகளில் ஒன்றுகூட வயலில் தங்கக்கூடாது. முன்னொரு காலத்தில் குழாய் பதிக்க வந்தவர்கள் விட்டுப்போன கம்பி, அறுப்பு இயந்திரத்தில் துண்டாகி, காய்ந்த புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய், இதயத்தைக் குத்திவிட்டது. அருமையான பசு. "ஒரு கம்பி தங்குச்சுன்னா, அன்னியோட நீயும் வெளிய" என்று எல்டன் முதல் வருஷமே சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் ஜூனில் நூற்று நாற்பத்து மூன்று கொடி உள்ளே போயிருந்தது. அறுப்புக்கு முந்தின நாள் வெளியே வந்தது நூற்று நாற்பத்திரண்டு. மார்வா வண்டியின் பின்கதவில் பரப்பி மூன்று தடவை எண்ணினாள். குறைவது வடகிழக்கு மூலையில்தான் என்று அவளுடைய நோட்டுப் புத்தகம் சொன்னது. சாயங்காலம் வரை தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை.

நேரே எல்டன் வீட்டு அடுக்களைக்குப் போனாள். அவர் மனைவி ட்வைலா செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மார்வா உட்காரவில்லை.

"எல்டன், ஒரு கொடி குறையுது. வடகிழக்கு மூலையில."

எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த மூலைல?"

"வடகிழக்கு."

"அடடா, சொல்லிவச்ச மாதிரி அதே மூலை! பத்தொன்பது வருஷம் கெஞ்சிப் பாத்த, நடக்கல. இப்ப கம்பின்னு கத கட்டுறியா?"

"என்னங்க பேச்சு இது?" என்றாள் ட்வைலா.

"நீ சும்மா இரு." அவர் மார்வாவைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல தெற்கேருந்து அறுத்துக்கிட்டு வரேன். அந்த மூலைக்கு நான் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சியா, சரி. இல்லேன்னா அந்தத் துண்டு நிலத்த அறுக்காம விட்டுட்டுப் போறேன். அப்புறம் என் வேலிக்குள்ள நீ கால் வைக்கக்கூடாது."

மார்வாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளைச் சோம்பேறி என்று சொல்லலாம், பைத்தியம் என்றுகூடச் சொல்லலாம்; பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் பனி உலர்ந்ததும் டிராக்டர் சத்தம் கேட்டது. மார்வா முழங்காலில் ஊர்ந்துகொண்டே புல்லைப் புல்லாக விலக்கினாள். சத்தம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. இன்னும் நாலைந்து வரிசைதான் பாக்கி என்றபோது கையில் ஏதோ குத்தியது. கம்பி! கொடித்துணியை வெட்டுக்கிளிகள் ஓரம்கூட விடாமல் தின்று தீர்த்திருந்தன. வெறும் கம்பி புல்லோடு புல்லாகச் சாய்ந்து கிடந்தது.

எடுத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கைக்குப் பக்கத்திலேயே ஓர் எருக்கு, விரல் நீளத்தில் பிஞ்சுக் காயோடு நின்றது. கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்கினால் போதும். துண்டு நிற்கும், காய் முற்றும், பஞ்சு பறக்கும். போவது அவள் ஒருத்திதானே! போகட்டுமே என்றுகூட நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

ஆனால் பத்தொன்பது வருஷமாக அவள் எழுதிவைத்த எண்களுக்கு வேறு சாட்சி கிடையாது. அவள் சொன்னாள், உலகம் நம்பியது. இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் அத்தனை எண்ணிக்கையையும் இனி அவளாலேயே நம்ப முடியாது. எழுந்து நின்று கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எல்டன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி எங்க?"

"வெட்டுக்கிளி தின்னுடுச்சு."

"இத நீ பைக்குள்ள போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"உன் காயும் முத்தியிருக்கும்."

"ஆமா. தள்ளி நிக்கிறேன், அறுத்துக்கங்க."

எல்டன் தொப்பியைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நேற்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தால் நீங்கள் அவரை அறியாதவர்கள். கம்பியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"வண்டியில கொடி இருக்கா?"

"இருக்கு. நூத்தி நாப்பத்திரண்டு."

"நாலு போதும். இந்த மூலைல நாலு பக்கமும் ஒண்ணொண்ணு குத்து, நான் சுத்திக்கிட்டுப் போறேன். செப்டம்பர்ல வந்து நீயே எடுத்துக்கணும். நாலும் வரணும், சொல்லிட்டேன்."

மார்வா வண்டிக்கு ஓடினாள். கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்ததால், அந்த நாலு கொடியை எண்ணி எடுக்க அவளுக்கு இரண்டு தடவை ஆயிற்று.