புலியூத்துக்குப் போன நாள்

போடியில் ஒரு மளிகைக்கடைக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பின்கட்டுக் கதவைத் திறந்தால் மலைதான். மழை பெய்த மறுநாள் மலை இடுக்கில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அதுதான் புலியூத்து அருவி என்பார்கள். ஒருதரம் கூட்டிப் போங்களேன் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்காத வருஷமில்லை. கடையை யார் பார்ப்பது என்பார்.

எழுபதுகளின் கடைசியில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் மதுரைக்காரி, காலேஜ் படித்தவள். வந்த நாலாம் நாள், மலைக்கு மேலே போகலாமா என்று கொழுந்தனிடம் கேட்டாள். அவ்வளவுதான். மாமனார் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். கடைக்கு அரைநாள் லீவு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புளிச்சோறு கிளறியது நான். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்ததும் நான். முன் சீட்டு அவளுக்கு. மலையடிவாரத்தில் முந்தல் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். எல்லோரும் நல்லபடியாகப் போய்வர வேண்டிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு தலைவலியாவது வரட்டும் சாமி என்று நான் கும்பிட்டேன்.

நாலாவது வளைவிலேயே அவள் முகம் வெளுத்தது. அடுத்த வளைவில் இறங்கி வாந்தி எடுத்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டது நான்தான். பாவமாகவும் இருந்தது, உள்ளே இனிக்கவும் செய்தது. அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கொழுந்தன் அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்றாள்.

நானும் என் வீட்டுக்காரரும் போனோம். தண்ணீர் பாறையில் அடித்துச் சிதறி, எங்கள் காலுக்குக் கீழே கிடுகிடு பள்ளத்தில் இறங்கியது. பேச்சுக் கேட்கவில்லை. சாரலில் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தூரத்தில் வயல்களும் ஊரும் ஒரு கை அகலத்துக்குக் கிடந்தன. எங்கள் வீடு எதுவென்றே தெரியவில்லை. போகலாம் என்று என் வீட்டுக்காரர் மூன்றுதரம் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன்.

ஜீப்பில் கண்ணை மூடியபடியே அவள் கேட்டாள். "எப்படிக்கா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் பாறையும் தண்ணியுந்தான்."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டியை அங்கேயே திருப்பிவிட்டோம்.

அடுத்த வருஷம் அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வந்து, மலைக்கு வா என்று கூப்பிட்டார்.

"அங்கன ஒண்ணுமில்லையாம்ணே. அக்கா பாத்துட்டு வந்து சொன்னாக" என்றாள்.

நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.