கொல்லையைச் சுத்தம் செய்த வாரம்

முதலில் வந்தது தலைவலி. கண்ணுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. தீபாவளி அலைச்சல் என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது.

விடாத காய்ச்சலோடு ஒருவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, என்ன நோயென்றே தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அது 2004 ஐப்பசி. மார்க்கையன்கோட்டையில் வீடு கட்டிக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது. நான் மதுரை டவுனில் வளர்ந்தவள். கணவருக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. சுற்றிலும் நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு, எங்கள் இருவருக்கும் ஒரு கத்தரி நாற்றை ஊன்றக்கூடத் தெரியாது.

தீபாவளிக்குத் தேவதானப்பட்டியிலிருந்து கணவரின் தங்கை ஈஸ்வரி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பின்வாசலில் நின்று பார்த்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏன் மதினி, இம்புட்டு எடத்தச் சும்மா போட்டுட்டுக் கத்தரிக்காய்க்குக் கடைக்கு ஓடுறீக? அருவாள எடுங்க."

அந்த வாரம் முழுக்க நானும் அவளும் வெட்டினோம். உண்ணிச்செடி கையைக் கீறியது. நாயுருவி சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. வெட்டிப் போட்ட குவியல்மேலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். அவளுக்கும் விவசாயம் பெரிதாகத் தெரியாது. கூச்சமில்லாமல் பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு வந்து பாத்தி பிடித்தாள், வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினாள். பேருந்து ஏறும்போதும், "தண்ணிய மொண்டு ஊத்திராதீக, தெளிச்சு விடுங்க" என்றாள்.

அவள் போய் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குக் காய்ச்சல். சின்னமனூரில் ஒரு டாக்டரிடம் போனோம். வைடால் (டைபாய்டைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள். லேசாக இருக்கிறது என்று சொல்லி ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

தேவதானப்பட்டிக்குப் போன் செய்தபோது ஈஸ்வரியும் படுத்திருந்தாள்.

"எனக்கும் டைபாய்டுன்னுதான் சொல்றாக மதினி. ரெண்டு பேரும் ஒரே வேலையச் செஞ்சோம், ஒண்ணா படுத்துட்டோம்" என்று சிரித்தாள். சிரிப்பினூடே மூச்சு வாங்கியது. எனக்கும் வாங்கிக்கொண்டிருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தவற்றில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரி. தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்துகொண்டே போயின. ஒருவர் டெங்கு என்றார், ஒருவர் மலேரியா இருக்கலாம் என்றார். கல்லீரல் வீங்கியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். என்னை எடுப்பார்கள், திருப்புவார்கள், குத்துவார்கள். என் உடம்பு அவர்களுக்கும் எனக்கும் பிடிபடாத ஒரு பொருளாகக் கிடந்தது. கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "டாக்டர் என்ன சொன்னாக?" என்று கேட்பேன். "பாப்போம்னு சொன்னாக" என்பார். எல்லா நாளும் அதே பதில்தான்.

ஒரு காலையில் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயதுதான். திரையை இழுத்துவிட்டுக் கேட்டார்.

"உடம்புல எங்கயாவது புண்ணு, கொப்புளம், கருப்பா பொருக்கு மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒன்று இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை. நாடா உரசியதால் வந்ததென்று விட்டிருந்தேன். அதுவரை எவரும் அங்கே பார்க்கவில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "காட்டு வேல, தோட்ட வேல ஏதும் செஞ்சீங்களா?"

அந்தப் பொருக்கின் பெயர் எஸ்கார் (உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் உண்டாகும் கருப்புப் புண்). நோய் ஸ்க்ரப் டைஃபஸ் (புதர்களில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்துப் பரவும் காய்ச்சல்). மருந்து டாக்சிசைக்ளின். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண மாத்திரை.

டாக்டர் சொல்லி முடிக்கும்முன் நான் கணவரின் கையைப் பிடித்தேன். "ஈஸ்வரி" என்றேன். அதற்குமேல் மூச்சு போதவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடினார்.

ஈஸ்வரியை முந்தின நாளே மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சிறுநீரகம் நின்று, வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்திருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, எங்கள் டாக்டரே அங்கிருந்த டாக்டரிடம் பேசினார். தேடிப் பார்த்தார்கள். அவளுக்கு அது அக்குளில் இருந்தது. மருந்தைத் தொடங்கினார்கள்.

எனக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. உடம்பெல்லாம் வேர்த்து, பசித்தது. பசித்ததற்காக அழுதேன். கட்டிலில் எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. மதுரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது, போக முடியவில்லை. "எப்படி இருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "மருந்து ஏறுது" என்றார்கள்.

அடுத்த நாள் கணவர் வரவில்லை. என் அம்மாதான் பக்கத்தில் இருந்தார். மறுநாள் வந்தவர் சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஈஸ்வரி எப்படிங்க இருக்கா?"

சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அங்கன, எடுக்கையில நல்ல கூட்டம் செல்வி. தெருவே அடைச்சுப் போச்சு."

என் கையில் ஊசி குத்தியிருந்தது. அந்தக் கையை அசைக்காமல் இன்னொரு கையால் அவரைத் தொட்டேன்.

அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்து தேறி வீட்டுக்கு வந்தபோது வெண்டை காய்த்து முற்றிக் கிடந்தது. யாரும் பறிக்கவில்லை. மாமியார் பின்கதவைத் திறக்க விடவில்லை. அடுத்த மழைக்குள் புதர் மறுபடி ஏறிவிட்டது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து பிறகு முளைத்தது. இடது காது மட்டும் இன்றும் மந்தம்தான்.

ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் கடிபட்டோம். ஒரே மருந்து. எனக்குச் சரியான நேரம் என்று சொன்னார்கள், அவளுக்குத் தாமதம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஏறக்குறைய ஒரு பகல். காய்ச்சல் நாலைந்து நாளுக்கு மேல் விடவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடி என்று எல்லா இடமும் பாருங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

முன்பெல்லாம் குளிப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. இப்போது கை தானாகவே ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டு போகிறது. உடம்பில் நான் பார்க்காத இடம் ஒன்று இருக்கும் என்ற நினைப்பு போகவில்லை.

அன்று கைக்குழந்தையாக இருந்த ஈஸ்வரியின் மகள் கவிதா ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறாள். பத்தாவது படிக்கிறாள். போன முறை லேசாக உடம்பு சுட்டது. கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அவள் கைகளைத் தூக்கியபடி பொறுமையாக நின்றாள்.

"இன்னும் முடியலையா அத்தே?" என்றாள்.

"இல்லத்தா" என்றேன்.