பீப்பாய்க்குப் போர்த்திய கம்பளி

கீழ்நாட்டில் முள்ளுத்தேங்காய் என்கிற செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் சில காலம் வேலை செய்தேன். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் கழிவுநீர் குளத்தில் தேங்கிக் குமிழ் விடும். அந்த வாயுவைப் பிடித்து அடுப்பெரிக்கலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி வியாபாரத் திட்டம் முழுவதும் என் சொந்த மூளை. அதனால்தான் இந்தக் கதி.

மரக்கறி இறக்கிவிட்டு மலைநாட்டுக் கொட்டகலைக்கு வெறுமையாகத் திரும்பிய லொறியொன்றில் ஒரு பீப்பாய்க் கழிவோடு ஊர் வந்தேன். டிரைவர் வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார்.

“இன்னொருவாட்டி இத ஏத்தச் சொன்னீங்க, உங்களையும் உள்ள போட்டு மூடிருவேன்,” என்றார். போக்குவரத்துப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

பஜாரில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு கேத்தல் தண்ணி கொதிக்க வச்சுக் காட்டுங்க மாப்பிள. கேஸ நானே வாங்கிக்கிறேன், மத்த கடைக்காரங்ககிட்டயும் சொல்றேன். இல்லேன்னா பேசாம ஆலைக்கே போயிருங்க.”

இனி ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

கீழ்நாட்டு வெயிலில் தானாகப் பொங்கிய சரக்கு, கொட்டகலைக் குளிரில் எங்களைப் போலவே சுருண்டு படுத்துக்கொண்டது. வீட்டிலிருந்த மூன்று கம்பளிகளையும் எடுத்துப் பீப்பாய்க்குப் போர்த்தினேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் போடக் கம்பளியைத் தேடிய மனைவி, எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் வந்து பார்த்தாள்.

“ஏங்க, பீப்பாய்க்குக் காய்ச்சலா? கொத்தமல்லி அவிச்சுத் தரவா?”

ஒருவழியாக, பீப்பாயில் பொருத்திய லொறி டியூப் உப்பியது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஜாருக்குள் நடந்தேன்.

“லொறிய எங்க விட்டீங்க?” என்று கேட்காத கடை இல்லை.

மச்சான் கடையில் டியூப்பைப் பொருத்தியதும் அடுப்பு நீலமாக எரிந்தது. கேத்தல் கொதித்தது! மச்சானே முதல் தேத்தண்ணியை ஊற்றி ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் டியூப்பை எங்கே வைத்தேன் என்று திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்த தேயிலை டின்னுக்குப் பக்கத்தில். டியூப்பின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதற்காகவே மச்சான் கடையில் கருவாடு வைப்பதில்லை. இது தெரியாமல் மலைநாட்டில் யாரும் வளரமுடியாது. நான் வளர்ந்திருக்கிறேன்.

மச்சான் டின்னைப் பின்பக்கம் கொட்டிவிட்டு வந்தார்.

“தண்ணி கொதிச்சிருச்சு. சொன்ன சொல்லு சொல்லுதான், கேஸ எடுத்துக்கிறேன். ஆனா கடைக்குள்ள வேணாம். பின்னால வச்சு, கிளாஸ் கழுவச் சுடுதண்ணி போடுங்க.”

“யாரு மச்சான் கழுவுறது?”

“கேஸ் கம்பெனி முதலாளிதான்.”

ஆலைக்குத் திரும்பவில்லை. கடையில் மிஞ்சும் சோறும் மரக்கறித் தோலும்தான் இப்போது பீப்பாய்க்குச் சாப்பாடு. மற்றக் கடைக்காரர்கள் வந்து கிளாஸை மூக்குக்கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள். கேஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மனைவி இரண்டு கம்பளியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மூன்றாவது, என்னுடையது, இன்னும் பீப்பாயின்மேல்தான் கிடக்கிறது.