அம்மாவைக் கூப்பிட்டால் கேமராவைக் காணோம்

எனக்குச் சந்தேகப் புத்தி. கீரைக்கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவளிடம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளாக அம்மாவின் முகத்தைக் காட்டாமல் அப்பா சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் வரும். நல்லா இருக்கேன் என்பாள் அம்மா. அந்தக் குரலே இளைத்திருந்தது.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அவர்கள் இருவரும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில். டச் போன் அப்பாவுக்கு ஆகாது. அதனால் போன முறை ஊருக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, ஒரு யூஎஸ்பி கேமராவையும் தனியாக ஒரு மைக்கையும் மாட்டி, எது கெட்டாலும் இங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்யும்படி வைத்துவிட்டு வந்தேன்.

"அப்டேட் கேட்டுச்சு சாமி, போட்டேன். அதுல இருந்து படம் வரமாட்டீங்குது" என்றார் அப்பா.

நம்பும்படிதான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர்கள். இரண்டாவதில் படமே வராது. மென்பொருள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றியதும் காலி நாற்காலியும் சுவர்க் காலண்டரும் தெரிந்தன. சந்தோஷமாக அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். படம் போய்விட்டது.

கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் மக்கர் பண்ணுகிறது என்று அதைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். ம்ஹூம். செருகியிருக்கும் கருவிகளின் பட்டியலில் கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, கேமரா இல்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டே பேசினேன். மழை, மஞ்சள் விலை என்று பேசும்வரை கேமராவின் பெயர் இருந்தது. அம்மா எங்கே என்றேன். பெயர் மறைந்தது. டிரைவர் கெட்டுப்போகும், சரி. அம்மா பேச்சை எடுத்தால் மட்டும் கெடுமா?

"ஏனுங்கப்பா, ஒயரப் புடுங்குனீங்களா?"

லூசாக இருக்கிறதென்று பூசி மெழுகினார். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள் என்று கத்தினேன். இப்போதே படம் வராவிட்டால் நாளைக்கே டிக்கெட் போட்டு வந்து நிற்பேன் என்றேன்.

பட்டியலில் கேமராவின் பெயர் மறுபடி வந்தது. மங்கலான படத்தில் அம்மா மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பழனிக்கு நேர்ந்துக்கிட்டா சாமி. முடி எறக்குனா நீ சத்தம் போடுவியேன்னுதான் சொல்லுல."

அப்பாடா என்று இருந்தது. இதற்கா இத்தனை நாடகம் என்று இருவரையும் திட்டித் தீர்த்தேன். எங்கள் பக்கம் பழனிக்கு முடி கொடுக்காத குடும்பம் ஏது? அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்க்கலாமே என்று கேமராவின் வெளிச்சத்தை இங்கிருந்தே கூட்டினேன்.

முகம் தெளிந்தது. பொட்டு தெரிந்தது. புருவம் இல்லை. இமையிலும் ஒரு முடி இல்லை. பழனியில் யாருக்கும் புருவத்தை எடுப்பதில்லை.