அண்ணன் ரத்தத்தில் நான் காணாத ஈயம்

ஃபார்மிக் ஆசிட் பாட்டிலைத் திறந்தால், கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறும். செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். பதினாறு வருஷம் இருக்கும். துப்பட்டாவில் அந்த நெடியோடுதான் பஸ் பிடித்துத் தாராவிக்குத் திரும்புவேன். அம்மா முதலில் குளித்துவிட்டு வரச் சொல்லுவாள்.

வேலை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில். புரதங்களை எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரதம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு எடை கூடுதலாகக் காட்டும். துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு ஈயம் வந்து உட்கார்ந்தால் இன்னும் கூடும். திரையில் கோடு கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும்... அவ்வளவுதான். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தை வைத்து எங்கள் லேபில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈயம் எனக்குப் புத்தகத்துச் சமாச்சாரம் இல்லை. என் அண்ணன் சேவியர், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் இருந்தான். அப்பா போன பிறகு அவன் உழைப்பில்தான் நான் எம்.எஸ்ஸி. முடித்தேன்.

அந்த வருஷம் அவனுக்கு அடிக்கடி வயிறு பிடித்து இழுத்தது. சோறு இறங்கவில்லை. ஈறில் நீலமாக ஒரு கோடு. அண்ணி வேலையை விடச் சொல்லி அழுதாள். வாஷியில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை தயாராகவும் இருந்தது. ஆனால் பட்டறையில் அப்போதுதான் அவனைப் பத்துப் பேரை வேலை வாங்கும் முகாதமாக, அதாவது மேஸ்திரியாக, வைத்திருந்தார்கள். விட மனசில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரம் கேள்வி கேப்பான், பட்டறைய மூடிருவான். நீயே ஒன் மிஷின்ல பாத்துச் சொல்லுட்டி. இருக்குன்னா நாளைக்கே விட்டுருதேன்" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு உதவுகிற படிப்பு படித்துவிட்டேனாம்! ரத்தத்தில் ஈயம் பார்க்க அது வழியே இல்லை. அதற்கென்று தனி டெஸ்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுப்பார்கள். அது தெரிந்தும்தான் செய்தேன்.

தெருமுனைக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தோம். ஞாயிறு பூசை முடிந்து, ஆளில்லாத லேபுக்குப் போனேன். தெரிந்த மட்டும் சுத்தம் பண்ணி, மிஷினில் ஏற்கெனவே மாட்டியிருந்த ஆசிட் கலந்த கரைசலிலேயே ஓடவிட்டேன். தினமும் அப்படித்தானே ஓட்டுகிறோம் என்று நினைப்பு. ரத்தத்தில் இருக்கும் ஆயிரம் புரதத்துக்கு நடுவே ஏதோ ஒரு கோட்டைப் பிடித்து, இதுதான் அது என்று நானே முடிவும் பண்ணினேன்.

கோடு தள்ளி நிற்கவில்லை.

ஈயம் இல்லை என்று வந்து சொன்னேன். அன்று வீட்டில் பிரியாணி. மறுநாளே அண்ணன் வாஷி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து என் ப்ராஜெக்ட் சாம்பிளும் அதேபோல வெறுமையாக வந்தது. நானே என் கையால் ஈயம் சேர்த்த சாம்பிள்... சீனியர் ஷில்பா திரையைப் பார்த்தாள். "ஆசிட் மே டாலா க்யா? ஃபிர் மெட்டல் கஹா ருகேகா?" என்றாள். ஆசிட்டிலா போட்டாய், பிறகு உலோகம் எங்கே நிற்கும் என்று.

ஆசிட் பட்டால் புரதத்தின் மடிப்பு பிரிந்துவிடும், பிடித்திருந்த உலோகம் கழன்றுவிடும். வெறும் எடை பார்க்கத்தான் ஆசிட். உலோகம் பார்க்க அதைத் தொடவே கூடாது. எங்கள் வேலையின் அரிச்சுவடி அது. அண்ணன் ரத்தத்தையும் அதே ஆசிட்டில்தான் ஓட்டியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, ஆஸ்பத்திரிலயும் ஒருக்கா காட்டிருவமா?" என்று கேட்டேன்.

"நீயே பாத்துட்ட. பொறவு டாக்டரு என்னத்த புதுசாச் சொல்லப்போறான்?" என்று சிரித்தான்.

நான் பார்த்தது தப்பு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் மிஷினைத் தொட்டது வெளியே வந்தால் லேபிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பாதி. தெருவெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தானே, அந்த வெட்கம் பாதி. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தான். ஈயம் என்றார்கள். கிட்னி போய்விட்டது என்றார்கள். இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போனான். முப்பத்தாறு வயது. கடைசிவரை என் தலையைத் தடவிக்கொண்டுதான் இருந்தான்... நான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

இப்போது வாஷியில் ஒரு கம்பெனி லேபில் இருக்கிறேன். உலோகம் பார்க்கும் கரைசல் பாட்டில்கள் தனி அலமாரியில், தனி நிற லேபிளோடு இருக்கின்றன. ஓடவிடுமுன் ஆசிட் இருக்கிறதா என்று திரையே கேட்கிறது. ஜூனியர்கள் அதை எரிச்சலோடு தட்டிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு என்னிடம் அப்படி ஒன்று கேட்டிருக்கக் கூடாதா என்று தோன்றும். கேட்டிருந்தாலும் அந்தச் சாயங்காலம் நான் வாய் திறக்காததற்கு எந்த மிஷின் பொறுப்பு?

அம்மா இன்றும் வருகிறவர்களிடம் சொல்லுவாள்: "எம் மவ அப்பமே மிஷின்ல பாத்தா. அப்ப ஒண்ணும் இல்ல. பொறவு வந்தது ஆண்டவர் சித்தம்." நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன்.

அண்ணன் மகள் ஸ்டெல்லா காட்கோபரில் ஓர் ஆபீசில் இருக்கிறாள். இதை எழுதும் இந்தத் தளத்தில் என் ஃப்ரெண்ட் லிஸ்டிலும் இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அப்பா நினைவு நாளில் இங்கிலீஷில் எழுதுவாள், அப்பாவைக் காப்பாற்றப் பார்த்தது அத்தை ஒருத்திதான் என்று. நேற்றும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நான் ஒரு கைகூப்பு போட்டேன்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். இந்தப் பதிவின் அடியில் மொழிபெயர்க்க ஒரு பட்டன் இருப்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.