மோட்டார் எரியாத மாதங்கள்

மழை நன்றாகப் பெய்தால் எங்கள் பெருமாட்டி ஊர்ப் பக்கத்தில் எல்லோரும் சிரித்த முகமாகத் திரிவார்கள். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடையில் இருக்கும் நாங்கள் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருப்போம். கிணறு நிரம்பி, வாய்க்காலிலும் தண்ணீர் ஓடினால் தோப்புக்காரர்கள் எதற்கு மோட்டார் போடப் போகிறார்கள்? ஓடாத மோட்டார் எரியாது. எரியாத மோட்டார் எங்கள் கடைக்கு வராது. மாசியில் கிணறு இறங்கி, கரண்டும் லோ வோல்டேஜில் வந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. ஊரார் கஷ்டத்தில் பிழைக்கிற தொழில் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். டாக்டர் மட்டும் என்னவாம் என்று நானும் விடமாட்டேன்.

என் பெயர் ருக்மணி. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கற்று, கல்யாணமாகி இங்கே வந்தேன். அன்று முதல் மாணிக்கம் அண்ணன் கடையில் காயில் கட்டுகிறேன். ஐடிஐ முடித்துவிட்டு வரும் பிள்ளைகள், "மழைக்காலத்துல என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஒரு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன்

ஒரு வருடம் மழை விடாமல் கொட்டியது. ஆவணி முழுக்கக் கடைக்கு வந்தது ஒரு மிக்சியும் ஒரு டேபிள் ஃபேனும்தான். ஒரு நாள் காலையில் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அம்மிணி, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்படறாங்க. தை வரைக்கும் பாக்கறேன். இப்படியே போச்சுதுன்னா கடைய இழுத்துச் சாத்தீட்டுப் போயிர்றேன்."

"அப்பறம் நான் என்னுங்க பண்றது?"

"உனக்குத்தான் கையில தொழில் இருக்குதே."

தொழில் இருந்து என்ன? நாற்பத்து நான்கு வயதில் என்னை எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? வைண்டிங் என்றாலே ஆம்பிளை வேலை என்று நினைக்கிற ஊர். அதைவிட, அந்த வேலை எனக்கு உயிர். கருகிப்போன மோட்டார் என் கையில் மறுபடி ஓடும்போது வருகிற சந்தோஷம் வேறெதிலும் எனக்கு வந்ததில்லை. அன்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

"தை வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்காம சீசனுக்கு ரெடி பண்ணலாமுங்க" என்றேன்.

"செரி" என்றார். ரெடி பண்ணுவது என்றால் அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

2. ரெண்டு கோட்டு

எரிந்த மோட்டார் வந்தால் புதுக் காயில் கட்டுவதைவிட, பழைய காயிலின் கணக்கைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். கருகி ஒட்டிப்போனதை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, கம்பி எவ்வளவு தடிமன், அதாவது எந்த கேஜ் என்று எண்ணி அளக்க வேண்டும். அதன்பிறகுதான் கம்பிக்கே ஆள் அனுப்ப முடியும். அதனால் ஒருமுறை எண்ணியதை அண்ணன் கடைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்: யார் மோட்டார், எத்தனை எச்.பி., சுற்று, கேஜ். கடை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குக் கம்ப்யூட்டரும் ஃபைலும் அந்தச் சுவர்தான்.

ஒரு நாள் வார்னிஷ் வாங்கக் கொழிஞ்சாம்பாறை போய்விட்டு வந்தேன். கடை பளிச்சென்று இருந்தது. அண்ணன் தலையெல்லாம் சுண்ணாம்போடு, கையில் பிரஷ்ஷோடு நின்றார்.

"எப்படி அம்மிணி இருக்குது? நாலு பேரு வந்தா ஒரு மதிப்பு வேண்டாமா?"

"செவுத்துல எழுதியிருந்ததுங்ணா?"

அண்ணன் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "அட கெரகமே" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "ரெண்டு கோட்டு அடிச்சுட்டனே" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன எனக்கு. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "தையெல்லாம் வேண்டாம். தீவாளியோட சாத்தீரலாம்" என்றார். அப்போதுதான் பல வருடமாக ஒளித்து வைத்திருந்த குற்றத்தை நான் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அண்ணா, திட்டாதீங்க. நான் கட்டுன மோட்டார்ல எல்லாம் டெர்மினல் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் கணக்க ஆணியில கீறி வெச்சிருக்கறனுங்க."

மோட்டாரில் கணக்கை எழுதக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வேறு கடைக்காரன் திறந்தால் நம் கணக்கு அவனுக்குச் சும்மா கிடைத்துவிடுமாம். நானோ வேலை செய்த பெருமையில், என் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தே கீறியிருந்தேன்.

"எத்தன வருசமா?"

"சேந்த நாள்லருந்துங்க."

"நான் வேண்டாம்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நல்ல வேளை, நீ காதுல வாங்கல" என்றார்.

3. மழையில் தோப்புத் தோப்பாக

நான் கீறியதையெல்லாம் பார்த்து நோட்டில் எழுதி வர மறுநாளே மொபெட்டில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்த எனக்கு ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்பானர். நாச்சிமுத்து என்ற பெரியவரின் தோப்பில் முதலில் எங்களை உள்ளேயே விடவில்லை.

"ஏனுங்க, ஓடற மோட்டார எதுக்குத் தொறக்கறீங்க? கை வெச்சா நின்னு போயிருமுங்க."

"மூடிய மட்டும் பாத்துட்டுப் போயிர்றமுங்க" என்று கெஞ்சினேன். திறந்தால் மூடிக்குள் என் கீறல் இருந்தது. பக்கத்தில் மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. துடைத்து, காண்டாக்டைத் தேய்த்து, தளர்ந்த கனெக்‌ஷனை முறுக்கிக் கொடுத்தோம். நாங்கள் கிளம்பும்போது பெரியவர் இரண்டு இளநீரைச் சீவி நீட்டினார்.

இப்படியே ஐப்பசி முடிந்தது. கீறலைத் தேடிப் போன இடத்தில் தேய்ந்த பேரிங்கும் ஒழுகும் சீலும் கிடைத்தன. நாங்கள் எதிர்பாராத சில்லறை வேலை அது. அண்ணன் கட்டிய மோட்டார்களில் மட்டும் மூடி மொட்டையாக இருந்தது, ஏனென்றால் அவர் தன் சட்டத்தைத் தானே மீறாதவர். அவர் நினைவிலிருந்து சொன்னதை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நோட்டு ஆயிற்று. போனிலும் போட்டோ எடுத்துக்கொண்டோம். கார்த்திகை, மார்கழியில் அடிக்கடி எரிகிற மோட்டார்களுக்குக் காயில்களை முன்கூட்டியே சுற்றி, பெயர்ச்சீட்டு கட்டித் தொங்கவிட்டேன்.

தை வந்தது. ஒரு மோட்டாரும் எரியவில்லை. கெடு வந்தும் அண்ணன் தினமும் கடையைத் திறந்தார். சாயங்காலம் அவர் பூட்டைத் தொடும்போதெல்லாம், நாளைக்குத் திறப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

4. முதல் மோட்டார்

மாசி முதல் வாரத்தில் வந்தது முதல் மோட்டார். அதுவும் யாருடையது? நாச்சிமுத்துப் பெரியவருடையது.

"நான் அப்பவே சொன்னனுங்க, கை வெக்காதீங்கன்னு. பாகக்காப் பந்தல் காய்ப்புல நிக்குது. நாலு நாளு தண்ணி இல்லீன்னா எல்லாம் போச்சுது" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

திறந்து பார்த்தேன். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போய், மிச்சம் இரண்டில் ஓடி எரிந்திருந்தது. எங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை விளக்கிக்கொண்டிருக்காமல் அவர் பெயர்ச்சீட்டோடு மேலே தொங்கிய காயிலை எடுத்தேன். மத்தியானத்துக்குள் ஸ்லாட்டில் இறக்கி, வார்னிஷ் ஊற்றி, பல்பு எரியும் பெட்டிக்குள் காயவைத்தோம். மற்ற வருடங்களில் நான்கு நாள் ஆகும் வேலை. மறுநாள் காலையில் அவர் தோப்பில் தண்ணீர் பாய்ந்தது. அவர் பந்தலுக்கு அடியில் போய் நின்று ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்தார். "மத்த மோட்டாரையும் வந்து பாத்துருங்க அம்மிணி" என்றார்.

அந்தப் பேச்சு ஊர் சுற்றியது. பங்குனியில் கடை வாசலில் நடக்க இடமில்லாமல் மோட்டார்கள் கிடந்தன.

நான் கற்றது இதுதான். வேலை இல்லாத மாதத்தில் கடையை அழகாக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், வேலை நெருக்கும்போது எதைத் தேடித் தவிக்கிறோம் என்று யோசித்து, அதை எடுத்து வைத்துவிட வேண்டும். சீசனில் யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சித்திரையில் ஒரு நாள் கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு மறுபடி போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பேரிங்கைத் தட்டியபடியே பேசினார்.

"இல்லீங்க, வர முடியாதுங்க. இங்க எங்களுக்கே ஆளு பத்தலீங்க. என்னது? இல்லீங்க, அந்த அம்மிணியையும் அனுப்ப முடியாதுங்க. அவ இல்லீன்னா கடையே இல்லீங்க."

நான் தலையை நிமிர்த்தாமல் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிப்போய், முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.